பதினொரு வியாதியும் ஒரே அட்டையும்

"டிஸ்பென்சரி கண்ணுக்குத் தெரியுற வளைவுலயே நொண்ட ஆரம்பிச்சிரணுங்க மிஸ். வாசல்ல வந்து நொண்டினா புடிச்சிருவாங்க" என்று சொல்லிக்கொண்டே வீரமலை வலது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுகிறார். நாலு எட்டு வைப்பதற்குள் நெற்றி சுருங்குகிறது, கை தானாக இடுப்புக்குப் போகிறது. பார்க்கிற எனக்கு முழங்கால் குத்துகிறது. அடுத்த நொடி நிமிர்ந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்கிறார். "இது இராமசாமி அண்ணன் வாதம். மல்லிகாவோட மூச்சு இழுப்புன்னா வேற. அதுக்கு இந்த மேட்ட ஓடியே ஏறணும்."

தெரணியகலைக்கு மேலே மியனகந்தை தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் இவர். வயது நாற்பத்து நாலு. முந்நூறு மரத்தைக் காலை பத்து மணிக்குள் வெட்டிவிட்டு, பால் வாளிகளோடு பாட்டும் பாடிக்கொண்டு இறங்கி வருவார். தடிமன் பிடித்துக்கூட இவரை யாரும் பார்த்ததில்லை. மழையில் நனைந்தால் மற்றவர்களுக்குத்தான் தும்மல் வரும். அப்பேர்ப்பட்ட மனிதரின் டிஸ்பென்சரி அட்டையில் பதினொரு வியாதி எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடித்த பாவி நான்தான்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு அரசாங்கம் இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பொறுப்பெடுத்தது. புது டொக்டராக வரக்காப்பொலையிலிருந்து நுஹ்மான் வந்தார். பழைய அட்டைகளைப் பார்த்துப் புதுப் பதிவேடு எழுத யாழ்ப்பாணத்துக்காரியான என்னை அனுப்பினார்கள். எழுதிக்கொண்டே போனேன். வீரமலை, சீனி வியாதி. வீரமலை, பிரஷர். வீரமலை, வலிப்பு. வீரமலை, இரத்தக்குறைவு, அதுவும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையோடு! ஐயோ கடவுளே, இந்த மனுசன் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தால், வெளியே பலாமரத்தில் ஏறிக் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். தோட்டக் கம்பனியின் காலத்தில், செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் இங்கே மருந்து. பேர் வெட்டப்பட்டவர்களுக்குக் கிடையாது, கைக்காசுக்கு வேலை செய்கிறவர்களுக்கும் கிடையாது. வீரமலைக்குப் பேர் இருந்தது, வியாதிதான் இல்லை. "லயத்துல அடுத்த காம்பரா வீட்டுல வியாதி இருந்துச்சு, பேரு இல்ல. ரெண்டையும் சேத்து வச்சேன், அம்புட்டுதாங்க" என்கிறார், கல்யாணத் தரகர் மாதிரி.

சும்மா போய்ப் பொய் சொல்லிவிட்டு வருகிற ஆள் இல்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலி, எப்போது வலி, குத்துகிறதா எரிகிறதா என்று விசாரித்துப் பாடம் பண்ணிக்கொண்டு போவார். சீனி வியாதிக்குச் சிறுநீர் பரிசோதிக்க வேண்டுமே? பேர் வெட்டப்பட்ட அழகம்மாவின் சிறுநீரைக் கால் போத்தலில் நிரப்பி இடுப்போடு கட்டிக்கொண்டு போவாராம். "சூடு ஆறிட்டா டொக்டரையா சந்தேகப்படுவாருங்க." பிரஷர்தான் பெரிய சோதனையாக இருந்திருக்கிறது. மிஷின் பொய் சொல்லாது. "கைய நீட்டிக்கிட்டுக் கணக்கப்பிள்ளை மூஞ்சிய நெனச்சேன் மிஸ். தானா ஏறிருச்சு!" பழைய டொக்டரையா இதையெல்லாம் நம்பினாரா என்று கேட்டால், "அவரு நிமுந்து பாத்தாத்தானே" என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பு, டிஸ்பென்சரி கைமாறிய மூன்றாவது கிழமை நின்றுபோனது. புது டிஸ்பென்சரிக்கு ஒரு சிற்றூழியர் தேவை என்று அறிவித்தார்கள். நிரந்தர அரசாங்க வேலை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். வீரமலைக்கு நாற்பத்தைந்து ஆக இன்னும் இரண்டே மாதம். விண்ணப்பத்தோடு வைத்தியச் சான்றிதழும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் போயாக வேண்டும். டொக்டர் நுஹ்மான் அட்டையைப் புரட்டினார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"வேலைக்கு ஆள் கேட்டா, ஒரு வார்டையே அனுப்பி ஈக்கிறாங்களே!"

"அதெல்லாம் அப்ப இருந்துச்சுங்க. இப்ப சொகமாயிருச்சு."

"சீனியுமா?"

"சீனிதாங்க மொதல்ல போச்சு."

"வெளயாடாதீங்க. வலிப்பு ஈக்கிற மனிசன்ட கையில மருந்துப் போத்தல குடுக்கேலுமா? இது உங்கட வருத்தம் இல்லாட்டி யார்ட வருத்தமெண்டு சொல்லுங்க."

வீரமலை மடித்த சாரத்தை இறக்கிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணை உண்மையைச் சொல்லேல்லை?"

"பேர் வெட்டினவங்க லயத்துல இருக்கிறதே தோட்டத்துல பாத்தும் பாக்காம விட்டதாலதாங்க. திருட்டு மருந்து தின்னாங்கன்னு காம்பராவப் புடுங்கிட்டா எங்க போவாங்க? வேல போனா போகுதுங்க மிஸ். கத்தி கையில இருக்கு, மரம் இருக்கு."

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஒரு மனுசனுக்கு இவ்வளவு நல்ல குணம் கூடாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டுகிற வேலையை இப்படியா விடுவது?

இரகசியம் காப்பது அரசாங்க எழுத்தரின் முதற் கடமை. நான் நேரே குழாயடிக்குப் போய் அழகம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க அங்க வந்தா எங்களுக்கே மருந்து குடுப்பாங்களா? தோட்டத்துல குடுக்கிற துண்டுச் சீட்டக் கேக்கமாட்டாங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்பென்சரி கைமாறி மூன்று கிழமையாகியும் பேர் இல்லாத ஒருவர்கூட வாசலை மிதிக்கவில்லை. சொன்னாலும் நம்பாத சனங்கள். துண்டும் வேண்டாம், செக்ரோலும் வேண்டாம், காம்பராவுக்கும் மருந்துக்கும் இனிச் சம்பந்தமே இல்லை என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை டிஸ்பென்சரி வாசலில் திருவிழாக் கூட்டம். முன்னால் அழகம்மா, குளித்து, நல்ல சேலை கட்டி.

"டொக்டரையா, சீனி என்னோடது. இந்த ஆளு ஏழு வருசமாச் சொமந்தது போதும். என் சீனிய என்கிட்டயே குடுத்திருங்க."

இராமசாமி வந்து வாதத்தைக் கேட்டு வாங்கினார். அவர் நொண்டியதைப் பார்த்தேன்; வீரமலை நொண்டியதில் ஒரு மயிரிழை பிசகவில்லை. மல்லிகா இழுப்பைப் பெற்றுக்கொண்டாள். ஜீவராணி நாலு வயது மகளை மேசை மேல் தூக்கி உட்காரவைத்து, "ரத்தக்கொறவு எனக்குங்க. இவ வயித்துல இருந்தா" என்றாள். கேஸ்ட்ரிக் யாருடையது என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். தொண்ணூற்றேழில் வந்தது ஒருவருக்கு, தொண்ணூற்றெட்டில் வந்தது மற்றவருக்கு என்று தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. நுஹ்மான் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிவப்புப் பேனையால் ஒவ்வொரு வரியாக வெட்ட, நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் பேரில் புது அட்டை எழுதி, அகர வரிசையில் பெட்டியில் அடுக்கினேன். கை வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

பத்து வரி போனது. மிச்சம் ஒன்று, அட்டையின் முதல் வரி. தொண்ணூற்று நாலாம் ஆண்டு, நெஞ்சு வலி.

"இது யார்ட?" என்றார் டொக்டர். அதைக் கேட்டு ஒருவரும் முன்னால் வரவில்லை. பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருந்தது. நெஞ்சு வலிக்காரருக்கு வேலை கிடையாது. அழகம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருடைய பேரையும் சொல்லமாட்டேன் என்று நின்ற வீரமலைதான் கடைசியில் பேசினார்.

"மருதாயி அக்காவோடதுங்க. அடுத்த காம்பரா. நெஞ்சு வலிச்சு மூணு மாசம் வேலைக்கு வரலைன்னு பேர வெட்டினாங்க. பேர வெட்டினதால மருந்து இல்லைன்னாங்க. அவங்களுக்காகத்தான் மொத தடவ போயி நெஞ்சப் புடிச்சேன். ரெண்டு வருசம் இருந்தாங்க. இப்ப இல்லைங்க."

நுஹ்மான் அந்த வரியையும் வெட்டினார். மெதுவாகத்தான் வெட்டினார். பிறகு சான்றிதழில் 'பூரண சுகதேகி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை உறையில் போட்டு நீட்டினேன். வீரமலை வாங்கவில்லை.

"மிஸ், எல்லாருக்கும் அட்ட போட்டீங்க. அவங்களுக்கும் ஒண்ணு போடுவீங்களா?"

"மவுத்தானவங்களுக்கு..." என்று தொடங்கிய டொக்டர், முடிக்காமல் வெற்று அட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். மருதாயி என்று எழுதினேன். வீரமலை குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். முதலில் உறையை வாங்கி மடியில் வைத்தார். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். பெட்டியில் மல்லிகாவின் அட்டையை ஒரு விரலால் நகர்த்தி இடம் பண்ணி, அதற்கு முன்னால் சொருகினார்.