அவனுக்குக் கொடுக்காத பந்து

என் தங்கையைக் கட்டுவதாகப் பேசி முடித்து, மண்டபமும் பார்த்து, கூறைச் சேலைக்கு ஆள் சொல்லி அனுப்பிய பிறகு, "எனக்கு மனம் ஒத்துவரேல்லை" என்று டெலிபோனில் சொல்லி விலகிக்கொண்டவன் எங்கள் உதைபந்தாட்ட அணியில் இருந்தான். நடுக்களத்தில் இரண்டு பேர் ஆடுவோம். வலது பக்கம் அவன், இடது பக்கம் நான். ஒரு பருவம் முழுக்க அவன் காலிலிருந்து என் காலுக்கோ, என் காலிலிருந்து அவன் காலுக்கோ ஒரு பந்தும் போனதில்லை.

அணியை விட்டு விலகியிருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் ஏன் விலக வேண்டும்? குற்றம் செய்தவன் விலகட்டும் என்று இருந்தேன். தான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று அவன் இருந்தான். அணிக்கும் வேறு வழி இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் பந்தடிக்கத் தெரிந்த தமிழர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும் பாடு. யாழ்ப்பாணத்தார் ஆறேழு பேர், தமிழ்நாட்டுக்காரர் சிலர், முன்வரிசையில் கோல் போட ஒரு மலேசியத் தமிழர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே ஆள் போதாது.

நானும் தங்கையும் கிளென் ஈடனில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டே தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவன் நகர மையத்தில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட ஜெர்சியோடு வந்து இறங்குவான். சேற்றில் ஆடப் போகிறவனுக்கு இஸ்திரி எதற்கு? அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த முதல் பருவத்தில் நாங்கள் ஞாயிறு லீக்கின் கடைசிப் பிரிவில் ஆடினோம். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல்நாள் குடித்த பியர் இன்னும் இறங்கியிருக்காது. நாங்கள் பந்தை வாங்கி, நிறுத்தி, தலையை நிமிர்த்திப் பார்த்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவோம். அவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோல்கீப்பரும் கேப்டனுமாக இருந்தவர் திருச்சிக்காரர், மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. "சின்னச் சின்னதா ஆடுங்கப்பா, பந்து தரையிலயே இருக்கட்டும்" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் இடப்பக்கத்துக் கடைசி ஆட்டக்காரனுக்குக் கொடுப்பேன், அவனோ தன் வலப்பக்கத்துக் கடைசி ஆட்டக்காரனுக்குக் கொடுப்பான். பந்து இடமிருந்து வலம் போக வேண்டுமென்றால் பின்வரிசைக்குப் போய்ச் சுற்றித்தான் போகும். வென்றுகொண்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பருவம் முடிந்ததும் எங்களை மேல் பிரிவுக்கு ஏற்றினார்கள்.

மேல் பிரிவில் முதல் ஆட்டம் கிளென்ஃபீல்டில். அந்த அணிக்காரர் நேரத்துக்கே வந்து வரிசையாக ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நடுக்களத்தில் சிவப்புத் தாடி வைத்த ஒருவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆட்டம் தொடங்கிய உடனேயே தெரிந்துவிட்டது. பந்து என்னிடம் வந்து சேர்வதற்கு முன்பே ஒருவன் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். நிறுத்திப் பார்க்க நேரம் இல்லை. நாங்கள் தட்டிவிட்ட பந்துகள் ஈரப் புல்லில் உருண்டு உருண்டு போவதற்குள் நடுவில் ஒரு கால் நுழைந்து எடுத்துப் போனது.

சிவப்புத் தாடிக்காரன் முதலில் ஓடிக்கொண்டிருந்தான். பிறகு ஓடுவதை நிறுத்தினான். நான் பந்து வாங்கும்போதெல்லாம் எனக்கும் என் பின்வரிசைக்கும் நடுவில் வந்து சும்மா நின்றான். வலப்பக்கம் என் தங்கையை வேண்டாம் என்றவன் தனியாக நின்றான், சுற்றி ஒருவரும் இல்லை. நான் கொடுக்கவில்லை. தாடிக்காரன் தன் ஆட்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினான்:

"அவனை விடு, அவனைக் காவல் காக்காதே! இவன் அவனுக்குக் கொடுக்க மாட்டான்!"

அவர்கள் சிரித்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் பதினொரு பேரோடு அவர்கள் பன்னிரண்டு பேராக ஆடியது போலிருந்தது. ஆறு கோல் வாங்கினோம்.

உடை மாற்றும் அறையில் கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றிச் சுவரில் எறிந்தார்.

"வெள்ளக்காரன் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டான். நாம ஒரு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு இருந்தோம். என்னப்பா இது?"

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னான்: "நான் தனியத்தானே நிண்டனான். தந்தால்தானே விளையாடலாம்."

நானும் அவனைப் பார்க்காமல் சொன்னேன்: "தரலாம். வாங்கி வச்சுப்போட்டு, மண்டபமும் பார்த்த பிறகு, வேண்டாம் எண்டு திருப்பித் தந்திட்டால் என்ன செய்யிறது?"

அவன் எழுந்து வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு நெஞ்சில் தள்ளினேன். மலேசியக்காரர் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிரித்தார்.

"உங்க கல்யாணப் பஞ்சாயத்தை வெளியில வச்சுக்கங்க" என்றார் கோல்கீப்பர். "உள்ள வந்தா பந்து மட்டும்தான். பிடிக்கலைன்னா ரெண்டு பேருமே போயிடுங்க. ஒம்போது பேர் வச்சு ஆடிக்கிறேன்."

ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நான் சொன்னது தங்கையின் காதுக்குப் போய்விட்டது. யாரோ ஒருவரின் மனைவி டெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவள் மறுநாள் வேலைக்குப் போடுகிற சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, என்ரை கலியாணத்தை ஏன் அந்த அறைக்குள்ள கொண்டுபோனீங்கள்?"

"அவன்தான் முதல்ல கதைச்சவன்."

"அவர் பந்தைப் பற்றித்தானே கதைச்சவர்."

அந்த 'அவர்' எனக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு மரியாதை வேறயோ? உனக்காகத்தான் நான் அவனோட கதைக்கிறேல்லை. தெரியுமோ?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் கேட்டனானோ? எனக்காக எண்டு சொல்லாதேங்கோ. உங்களுக்குக் கோபம் பிடிச்சிருக்கு, நீங்கள் வச்சிருக்கிறீங்கள். எனக்கு நாளைக்கு ஆறு மணிக்கு வேலை."

நான் அவள்மேலும் கோபமாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சியில் கோல்கீப்பர் எங்களை இரண்டு அணியாகப் பிரித்தார். அவனையும் என்னையும் ஒரே பக்கம் போட்டார். இரண்டு விதி சொன்னார். ஒருவர் பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது. எங்கள் பக்கம் கோல் அடிப்பதற்கு முன் பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தடவையாவது கைமாற வேண்டும், இல்லாவிட்டால் கோல் கணக்கில் இல்லை.

அவன் எனக்குக் கொடுத்த முதல் பாஸ் என் முழங்காலின் கீழ் வந்து அறைந்தது. பாஸ் என்று சொல்வது தவறு. முழுப் பலத்தையும் கூட்டி அடித்தான். பந்து என் காலில் பட்டு வெளியே பறந்தது. நோவில் எனக்குக் கண் கலங்கியது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த பந்து கிடைத்ததும் நானும் அதே மாதிரி அடித்தேன். அவன் இடது கால் பலவீனம். அந்தக் காலைப் பார்த்தே அடித்தேன். அவனுக்கும் பந்து தெறித்துப் போனது. அன்று முழுக்க அப்படியே போனது. யாரும் கோல் போடவில்லை. மற்றவர்கள் இது விளையாட்டா, கல்லெறியா என்று முணுமுணுத்தார்கள்.

ஆனால் அவன் முன்னால் பந்தைத் தவறவிட்டு நிற்பதைப் போல ஒரு கேவலம் இல்லை. அந்தச் சந்தோசத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கச் சுவரில் பந்தை ஓங்கி அடித்து, திரும்பி வருவதை ஒரே தொடுதலில் அடக்கப் பழகினேன். அடக்கிய பிறகு தேடினால் இரண்டாவது தொடுதலுக்கு ஆள் கிடைக்காது என்பதால், பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பி யார் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளப் பழகினேன். இரண்டு மூன்று கிழமை போனதும் அவன் அடித்தது என் காலில் ஒட்டி நின்றது. நான் அவன் இடது காலுக்கு அடித்ததை அவனும் அடக்கினான். அவனும் எங்கோ ஒரு சுவரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் கோல்கீப்பர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"எல்லாரும் பாருங்கப்பா. இவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கொல்றதுக்கு அடிக்கிறாங்கல்ல, அதான் பாஸ். நாம கொடுக்கிறது பாஸ் இல்ல, தாலாட்டு. மெதுவா உருட்டினா பந்தோட சேர்ந்து எதிராளியும் வந்து சேர்ந்துடுறான். எல்லாரும் இப்படியே அடிங்க."

"கால் நோகும் அண்ணை" என்றான் இடப்பக்கத்துக் கடைசி ஆட்டக்காரன்.

"நோகட்டும்."

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம், ஆனால் ஒரு கோல் வித்தியாசத்தில். அதற்குப் பிறகு ஒன்றில் வென்றோம். அணி முழுக்கப் பந்து வேகமாக நகரத் தொடங்கியிருந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் கிளென்ஃபீல்ட்காரர் எங்கள் மைதானத்துக்கு வந்தார்கள். காலையிலிருந்து மழை, கோல் வாயில் முழுக்கச் சேறு. தாடிக்காரன் பழையபடி எனக்கும் பின்வரிசைக்கும் நடுவில் வந்து நின்றான். வலப்பக்கத்தை அவர்கள் மறுபடியும் திறந்து விட்டிருந்தார்கள்.

நான் குறுக்கே அடித்தேன். மனதில் இருந்த வெறுப்பு முழுவதும் அந்த அடியில் இருந்தது. சேற்றையும் மீறி அது பறந்து போனது. அவன் இடது காலால் அதை முன்னே தள்ளி, அடுத்த தொடுதலில் மலேசியக்காரருக்கு அனுப்பினான். கோல். எல்லோரும் ஓடிப்போய் அவனையும் மலேசியக்காரரையும் கட்டிப் பிடித்தார்கள். நான் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

நல்ல அணி என்றால் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஏமாறாது. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆளைப் போட்டு அடைத்தார்கள். அப்போது ஓரங்கள் திறந்தன. நான் அவன் பக்கம் திரும்புவது போல் காட்டி இடது ஓரத்துக்கு அடித்தேன். அவர்கள் ஓரத்துக்கு ஓடினால் மறுபடியும் நடுவில். ஒரு வழியை நம்பி நிற்கக்கூடாது என்று அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், ஓரத்தால் போன பந்தில் நாங்கள் இரண்டாவதைப் போட்டோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் எனக்கு ஒரு பந்து அடித்தான். அளவுக்கு மீறிய அடி. என் காலில் பட்டுத் தெறித்தது, தாடிக்காரன் எடுத்துக்கொண்டு போனான். இரண்டுக்கு இரண்டு.

"பிடிக்கத் தெரியாட்டி ஏன்ரா அதில நிக்கிறாய்?" அவன் என்னைப் பார்த்துக் கத்தினான். ஒன்றரை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"மனிசருக்கு அடிக்கிற மாதிரி அடியடா! மாட்டுக்கே அடிக்கிறாய்?"

"போன கிழமை இதே அடியைப் பிடிச்சனிதானே!"

"போன கிழமை கண் தெரிஞ்சு அடிச்சாய்!"

மைதானத்தின் நடுவில் மூக்கும் மூக்கும் முட்ட நின்று கத்தினோம். நடுவர் ஓடி வந்து, ஒரே அணிக்காரர் இரண்டு பேருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அந்த லீக்கில் அப்படி நடந்ததைத் தான் கண்டதில்லை என்று பிறகு சொன்னாராம்.

ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது தாடிக்காரன் எங்கள் கோல்கீப்பரிடம் கேட்டான்: "அவர்கள் ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"அதைவிட மோசம்" என்றார் அவர்.

அந்தப் பிரிவிலேயே நிலைத்து நின்றோம். அடுத்த வருடமும் ஆடினோம். ஆட்டத்தில் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் போய்வந்தது, வெளியே ஒரு வணக்கம் கூட இல்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் ஒருவர் மற்றப் பக்கத்தால் போவோம். எனக்கு அவன்மேல் இருந்தது ஒரு துளியும் குறையவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு அவனுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. கோல்கீப்பர் வீட்டில் பிரியாவிடைச் சாப்பாடு. எனக்கும் சொன்னார்கள், நான் வரவில்லை என்றேன். அன்று பின்னேரம் தங்கை ஒரு பெரிய பாத்திரத்தில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்போடு வெளிக்கிட்டு நின்றாள்.

"என்னைக் கொண்டுபோய் விடுவீங்களோ, இல்லாட்டி பஸ்ஸில போகட்டோ?"

"எங்க?"

"தெரிஞ்சுகொண்டு கேக்காதேங்கோ."

குழம்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக விடவா முடியும்? கொண்டுபோய் இறக்கினேன். தெருவில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு தடவை அவன் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான், காரைக் கண்டான், திரும்பி உள்ளே போய்விட்டான். அவள் வெறும் பாத்திரத்தோடு வந்து ஏறினாள்.

"உள்ளுக்கு வந்திருக்கலாம்" என்றாள்.

நான் காரை எடுத்தேன்.