பெரிய வகுப்பு டீச்சரின் காது

பள்ளிவாசலுக்குப் பின்னால் வரிசையாக மூன்று அறைகள். அதுதான் அந்த மழலைப் பள்ளி. கடைசி அறையில் ஐந்து வயதுக்காரர்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் அதற்குப் பெரிய வகுப்பு என்று பேர். அங்கே இருப்பதிலேயே உயரமான ஆள் மேசையைவிட ஒரு சாண் கூட இருந்தால் அதிகம்.

அந்த வகுப்பைப் பத்தொன்பது வருஷமாக ஒரே ஆள் நடத்திவந்தார். பெரிய டீச்சர் என்பார்கள். பென்சிலை எப்படிப் பிடிப்பது, சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது, கழிப்பறைக்கு எப்படிக் கேட்டுப் போவது, சாப்பிடும் முன் என்ன துஆ ஓதுவது, குர்ஆனின் சின்னச் சின்ன சூராக்கள், அரபு எழுத்து, தமிழ் எழுத்து, இருபது வரை எண் என்று எல்லாவற்றையும் ஒரு வருஷத்தில் ஏற்றிவிடுவார். தெருக்கோடியில் இருந்த பெரிய பள்ளி, ஒன்றாம் வகுப்புக்கு எடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கும். பெரிய டீச்சர் அனுப்பிய பிள்ளை அதில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று வருஷமாக அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் போன் மணி கேட்கவில்லை. பிறகு குழந்தைகளின் கீச்சுக் குரல் பாதிதான் வந்தது. ஸே, ஸீன், ஸாத் என்ற மூன்று அரபு எழுத்துகளும் அவருக்கு ஒரே மாதிரி ஒலித்தன, அதுவும் காற்று போல. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு போய்விடும், வகுப்பு போனால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. அதனால் உதட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் முழங்காலுக்கு நேரே நிறுத்தி, வாயையே பார்த்து ஓதவைப்பார். "எவ்வளவு அக்கறை பாருங்க" என்று தாய்மார்கள் மெச்சினார்கள்.

அந்த வருஷம் புதிதாக ஒரு பெண் குழந்தை வந்து நேரே பெரிய வகுப்பில் சேர்ந்தாள். நடந்தால் காலடி கேட்காது. பஞ்சு என்று டீச்சர் செல்லமாகப் பேர் வைத்தார். வாயசைவு அத்தனை சுத்தமாக இருக்கும், ஒரு எழுத்தும் பிசகாது. ஆண்டு முடிவில் அவளுடைய அறிக்கையில் டீச்சர் எழுதினார்: 'மிகத் தெளிவாக ஓதுகிறாள். ஒன்றாம் வகுப்புக்கு முழுத் தயார்.'

பெரிய பள்ளிக்குப் போய்வந்த அன்று பஞ்சுவின் உம்மா நேரே வகுப்புக்குள் நுழைந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ் அவர். சீருடையைக்கூட மாற்றவில்லை. கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டார்.

"பேச்சே வரலையாம்! வாய் பேசாத பிள்ளைங்களுக்கான தனிப் பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்கதானே தெளிவா ஓதுறான்னு எழுதினீங்க?"

டீச்சர் பஞ்சுவை அருகே இழுத்தார். "சொல்லு கண்ணு. பிஸ்மில்லாஹ்..."

குழந்தை சொன்னாள். உதடு அழகாகக் கூடிப் பிரிந்தது. டீச்சருக்கு நிம்மதி வந்தது. ஆனால் தாயின் முகம் மாறவில்லை. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த நடு வகுப்பு டீச்சரின் முகமும் மாறவில்லை. பெரிய டீச்சர் அவளிடம் தயங்கிக் கேட்டார்:

"சத்தம் வருதா?"

நடு வகுப்பு டீச்சர் உள்ளே வந்தாள். "என்னக்கா கேக்குறீங்க? வெறும் வாய்தானே அசையுது. உங்களுக்குத் தெரியலையா?"

பெஞ்சிலிருந்த ஒரு வாண்டு எழுந்து என்னவோ சொன்னான். நடு வகுப்பு டீச்சர்தான் அதைத் திரும்பச் சொன்னாள். "'பஞ்சு பேசாதுன்னு நாங்க எத்தனை தடவை சொன்னோம், டீச்சர் சரி சரின்னு தலையாட்டினாங்க'ன்னு சொல்றான், அக்கா."

டீச்சர் அப்படியே குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே பள்ளியை நடத்தும், மார்க்கக் கல்வி படித்த ஆலிமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஆலிமா கோபப்படவில்லை. மறுநாள் அவரே வந்து இருபத்திரண்டு பிள்ளைகளையும் ஓதவைத்துக் கேட்டார். பஞ்சு தவிர எல்லோருக்கும் குரல் இருந்தது. ஆனால் ஸீனும் ஸாதும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தன. ஒரு வகுப்பு முழுவதும் டீச்சரின் காதைக் கற்றுக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரத்திலேர்ந்து வகுப்பை வேற ஆள் பார்க்கட்டும். நான் சொல்றது புரியுதா?" என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினார் ஆலிமா. அந்த எழுத்துதான் டீச்சரை அதிகம் சுட்டது.

"இந்த ஒரு பிள்ளைய மட்டும் எங்கிட்ட விடுங்க. கெடுத்தது நான்" என்று கெஞ்சினார். பெரிய பள்ளியில் கையைக் காலைப் பிடித்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தேதி வாங்கினார்.

காது கேட்காதவர், குரல் வராத பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துப் பேசினார். பிறகு தன் விரலை அவள் தொண்டையில் வைத்தார். சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் ஆகியும் அதே சுவர்தான்.

ஐந்தாம் நாள் பஞ்சுவின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. ஜன்னலில் கறுப்புத் துணி. பகல் பதினொரு மணிக்கு உம்மா போர்வைக்குள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். வாப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வந்தால் பெரிசு. பஞ்சு கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, டீச்சரை உள்ளே அழைத்தாள். குழாயை நூல் மாதிரி திறந்து, டம்ளரைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் பிடித்தாள். பெட்டி மூடியைத் தன் விரலைக் கீழே கொடுத்து மூடினாள், மூடி தட்டாமல் இருக்க. விரல் நசுங்கியது. முகம் சுளிக்கவில்லை.

விழித்துக்கொண்ட தாய் ஜன்னல் துணியை விலக்கிவிட்டு உட்கார்ந்தார். "வீட்டுல குசுகுசுன்னுதான் பேசுவா. நல்ல அடக்கம்னு நெனச்சேன். நான்தான் ரெண்டு வயசுலேர்ந்து 'உஷ், உம்மா தூங்குறேன்'னு சொல்லிச் சொல்லி..." இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நாள் நெருங்க நெருங்க டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு காரியம் செய்தார். குழந்தையின் குரல் கேட்டால் வந்து சொல்லும்படி பக்கத்து அறையில் இருந்த நடு வகுப்பு டீச்சரிடம் சொல்லிவைத்தார். குழந்தைக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் பார்க்க மாட்டேன். எது வேணும்னாலும் கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் திரும்புவேன்." பஞ்சு முந்தானையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் திரும்பவில்லை. மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தார். இழுப்பு நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்து நடு வகுப்பு டீச்சர் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னால் குழந்தை நனைந்த கால்களோடு நின்றிருந்தாள். தரையில் ஈரம். கண்ணில் தாரை தாரையாக நீர், வாயில் ஒரு சத்தமும் இல்லை.

டீச்சர் முழங்காலிட்டு அவளைக் கழுவிவிட்டார். மாற்றுடை போட்டுவிடும்போது பொத்தானைத் துளை மாற்றிப் போட்டார். "மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை பின்வாங்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க" என்றாள் நடு வகுப்பு டீச்சர், அவர் முகத்துக்கு நேரே வந்து. "நீங்க இப்ப மன்னிப்பு கேக்குறதுகூடத் திட்டுற மாதிரிதான் கேக்குது. ஒரு வருஷமா நீங்க கத்தித்தான் பேசுறீங்க. இந்தப் பிள்ளை பயந்துபோய்க் கெடக்கு."

அதை யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. மரியாதைக்காகச் சொல்லவில்லை.

மீதி நாட்களில் பாடம் டீச்சருக்குத்தான் நடந்தது. நடு வகுப்பு டீச்சர் கதவோரம் நின்று கையை மேலும் கீழும் அசைப்பாள். கை இறங்கினால் குரலைக் குறைக்க வேண்டும். குறைத்துக் குறைத்து, தான் பேசுவது தனக்கே சுத்தமாகக் கேட்காத இடத்துக்கு டீச்சர் வந்தார். இருட்டில் படி இறங்குகிற மாதிரி இருந்தது அவருக்கு. பஞ்சு அந்தக் கையையும் டீச்சரின் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் அவளாகவே வந்து டீச்சரின் விரலை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். எறும்பு ஊர்வது போல ஒரு அதிர்வு. டீச்சர் பயத்தோடு கதவைப் பார்த்தார். நடு வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

பதினைந்தாம் நாள் பெரிய பள்ளியின் தலைமை ஆசிரியை முன்னால் டீச்சர் முதலில் தன் குற்றத்தைச் சொன்னார். "பிள்ளைக்கு எல்லாம் தெரியும். குரல்தான் சின்னது. கொஞ்சம் பக்கத்துல உக்காந்து கேளுங்க." தலைமை ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பஞ்சு பேரைச் சொன்னாள். எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் நின்றுவிட்டாள். எவ்வளவு தட்டிக்கொடுத்தும் பன்னிரண்டு வரவில்லை.

"மூணு மாசம் பார்ப்போம். தேறலைன்னா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் தலைமை ஆசிரியை.

அந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியில் டீச்சரின் ஒரு காதுக்குக் கருவி மாட்டினார்கள். அதில் நாற்காலி இழுபடும் சத்தம்தான் பெரிதாக வந்தது, பேச்சு வரவில்லை. தினமும் மதியம் நடு வகுப்பு டீச்சரைக் கூட்டிக்கொண்டு இருபத்தோரு வீடும் ஏறி இறங்கினார். அவள் ஸீனும் ஸாதும் திருத்த, இவர் வாசலில் செருப்போடு நின்றார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து பஞ்சுவை வகுப்பில் வைத்துக்கொண்டார்கள். இப்போதும் மெதுவாகத்தான் பேசுகிறாள். முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அவள் உம்மா பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டார், கிடைக்கவில்லை.

பெரிய டீச்சர் இப்போது முதல் அறையில், மூன்று வயதுக்காரர்களுக்குப் பொத்தான் போடவும் கைகழுவவும் சொல்லிக் கொடுக்கிறார். கடைசி அறைப் பக்கம் அவர் போவதில்லை. பஞ்சுவின் உம்மா தெருவில் டீச்சரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார். டீச்சரும் கூப்பிடுவதில்லை.