கென்டக்கியிலிருந்து ஒரகடம் வந்த ஆறு பாட்டில்கள்

பாரில் சப்ளையராக இருப்பவனுக்கு இரண்டு வேலை: கேட்டதைக் கொண்டுபோய் வைப்பது, கேட்கக் கூடாததைக் காதில் வாங்காமல் நிற்பது. மூன்றாவதாகச் சரித்திரமும் சொல்ல வேண்டும் என்று போன வருஷம்தான் தெரிந்தது. எங்களுடையது ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு வந்துபோகும் ஆட்களை நம்பி நடக்கும் ஓட்டல். அங்கே அமெரிக்காவின் கென்டக்கியில் காய்ச்சிய உயர்ந்த ரக விஸ்கி ஆறு பாட்டில் வந்து இறங்கியது. மேனேஜர் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டு, "சேவியர், மாசக் கடைசிக்குள்ள ஆறும் போகணும். இல்லைன்னா உன்னை லாண்டரிக்கு மாத்திடுவேன்" என்றார். 'டார்கெட்' என்ற வார்த்தைக்குப் பயந்து மாசக் கடைசியை எண்ணுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மேற்கொண்டு நான் விளக்கத் தேவையில்லை.

மூக்குக்கு ஒரு வகுப்பு

எங்கள் மூக்குகளைப் படிக்கவைக்க பெங்களூரிலிருந்து ஒருவர் கோட்டு சூட்டோடு வந்தார். மக்காச்சோளத்தில் காய்ச்சுவார்களாம். புது ஓக் மரப் பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் கரியாக்கி, அதற்குள் ஊற்றி வருஷக்கணக்கில் தூங்கவைப்பார்களாம். நிறமும் ருசியும் அந்தக் கரியிலிருந்துதான் வருகிறதாம். ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம், ஒரே ஊற்றுத் தண்ணீர். சொல்லி முடித்துக் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஆளுக்கொரு கிளாஸைக் கொடுத்து முகரச் சொன்னார். "வெனிலா வருதா? காய்ச்சின சர்க்கரை? பழைய தோல் பை?" நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். லாண்டரிக்குப் போக விரும்பாதவன் எதற்கும் தலையாட்டுவான். கவுண்டரில் ஊற்றிக் கொடுக்கும் செல்வம் மட்டும் நேர்மையானவன். கண்ணை மூடி நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு வார்னிஷ் வாசனைதான் வருது" என்றான். வந்தவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கரெக்ட். அதுதான் ஓக்."

வீட்டில் ஒப்பித்தது

அன்று வகுப்பில் பாதி கிளாஸ் என் சட்டைக் கையில் கொட்டிவிட்டது. நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் வீடு இருக்கும் பென்னலூர் வரை பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. என் மனைவி ஸ்டெல்லா செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் ஆப்பரேட்டர். ஷிப்டு முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தவள், நான் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா வாசனை இது?"

படித்தது வீணாகக் கூடாது என்று, வெனிலா, காய்ச்சின சர்க்கரை, ஓக் மரம், கூடவே ஏழு தலைமுறை என்று நான் ஒப்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டாள். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி, வாளியில் முக்கினாள்.

"எங்கப்பா மேலயும் தினம் இதே வாசனைதான். அவருக்கு வெனிலான்னு சொல்லத் தெரியல, அவ்ளோதான்."

சோளத்தின் பெருமை

முதல் மேஜை ஏகாம்பரம் அண்ணன். வாலாஜாபாத்காரர், கம்பெனிகளுக்கு வேன் விடுகிற கான்டிராக்டர். பாரம்பரியத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பீப்பாயைக் கரியாக்குகிற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். அவர் சிக்கன் பக்கோடாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சோளத்துலியா செய்றான்?"

"ஆமாண்ணே. மக்காச்சோளம்."

அவர் ஒரு பெக் வாங்கியும் விட்டார். நான் வெற்றிப் பெருமிதத்தோடு திரும்புவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார்.

"கத நல்லா கீதுப்பா. கொஞ்சம் செவனப்பும் மாங்கா ஊறுகாயும் எடுத்துகினு வா."

தேவதைகள் கணக்கில் வராது

இரண்டாவது ஆள் ரகுநாதன் சார். கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி ஹெட். இவருக்கு விஷயம் புரியும் என்று நம்பினேன். புரிந்ததுதான் வினை. எத்தனை டிகிரியில் எரிப்பார்கள், எவ்வளவு நேரம், யார் செக் பண்ணுவது என்று துருவினார். பெங்களூர்க்காரர் மனப்பாடம் செய்யக் கொடுத்த காகிதத்தில் அதெல்லாம் இல்லை. பேச்சை மாற்ற, காகிதத்திலேயே அழகான வரியை எடுத்துவிட்டேன். பீப்பாயில் கிடக்கும்போது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிக் குறைந்துவிடும், அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர் என்றேன்.

அவர் கிளாஸை மேஜையில் வைத்தார். அன்று காலை மீட்டிங்கில் ஏதோ நடந்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

"எங்க லைன்ல வர்ற ரிஜெக்ஷனுக்குத் தேவதை எடுத்துட்டுப் போச்சுன்னு ரிப்போர்ட் எழுதினா, சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஊர்க்காரர்

மாசம் முடிய ஒரு வாரம். மூன்றரை பாட்டில் அப்படியே நின்றது. அப்போதுதான் லாரி கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த அமெரிக்கர் ஒருவர் தங்கினார். ஐம்பது வயதிருக்கும், கையில் கிரீஸ் கறை. ஊர் கென்டக்கி என்று ரிசப்ஷனில் கேட்டதுமே பிரகாஷ் சார் என்னை அவர் மேஜைக்குத் தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏழு தலைமுறையையும் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீப்பாயை உருட்டியவர்களின் தலைமுறை அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

அவர் அப்பா அப்படி ஒரு கோடவுனில்தான் முப்பது வருஷம் பீப்பாய் உருட்டினாராம். வீட்டில் அவர் குடித்தது மலிவான பீர். ரிட்டயர் ஆன அன்று இது மாதிரி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். விருந்தாளி வந்தால் திறக்கலாம் என்று அம்மா எடுத்துவைத்தாராம். திறக்காமலே அப்பா போய்விட்டார். மனப்பாடம் செய்ததையெல்லாம் அந்த மனிதரிடமே ஒப்பித்தோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, ஒரு பெக் கொண்டுவரச் சொன்னார். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த பாரம்பரியம் முதுகு வலி ஒன்றுதான் என்றும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து தன்னோடு வந்த நான்கு எஞ்சினியர்களையும் கூட்டிவந்தார். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று அலமாரி காலி.

பிரகாஷ் சார் எப்படி விற்றாய் என்று கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்த முதுகு வலியையும் கதையில சேர்த்துக்கோ. நல்லாப் போகும்."

பீப்பாய்க்குள் எட்டு வருஷம் சும்மா கிடந்த சரக்கைக் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைக்கிறார்கள். அதே பாரில் பதினோரு வருஷமாக நிற்கிற எனக்கு அடுத்த வாரம் மறுபடியும் ட்ரெயினிங்.