கொட்டாவி டீச்சரின் கட்டுரை

வகுப்பில் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிப்போன டீச்சரை ஒரு பயல் போனில் வீடியோ பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். பள்ளிக்கூடம் பார்த்தது, தெரு பார்த்தது, மருந்துக்கடைக்காரர்கூடப் பார்த்துவிட்டு அவளுக்குச் சில்லறை கொடுக்கும்போது சிரிப்பை அடக்கினார். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் கொட்டாவி டீச்சர். பிடித்தவனுக்குப் பெயர் கேமரா.

அந்தச் சூடு ஆறுவதற்குள், சமூக ஊடகத்தைப் பற்றி எந்தப் பக்கமும் சாயாமல் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் வந்து நின்றது. தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். இந்த வகுப்பை வேற ஆள்கிட்ட கொடுத்துடலாம். அதுல அடிபட்ட உங்களால நடுநிலையா சொல்லித்தர முடியாது."

"ஏன் முடியாது? நானும் ஒரு கட்டுரை எழுதுறேன், பசங்கள்ல ஒருத்தனும் எழுதட்டும். பேர் சொல்லாம படிக்கச் சொல்றேன். என்னுது எதுன்னு கண்டுபிடிச்சிட்டா வகுப்பை எடுத்துக்குங்க சார்."

வீம்புக்குச் சொல்லிவிட்டு நேரே வகுப்புக்குப் போய், எல்லாரையும் கட்டுரை எழுதிவரச் சொன்னாள்.

பிள்ளைகள் எழுதி வந்ததைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஒப்பாரி. சமூக ஊடகம் நஞ்சாம், எமனாம். எழுதிய கை அடுத்த நொடியே பெஞ்சுக்கடியில் போனைத் தடவியது.

"இதை நீங்க நம்புறீங்களா?"

"இல்ல டீச்சர். நீங்க நம்புவீங்கன்னு எழுதினோம்."

டீச்சர் அன்றே ஒரு சட்டம் போட்டாள். "உனக்கு யார் எதிர்க்கட்சியோ அவன்கிட்டயே கட்டுரையைக் காட்டு. 'என் பக்கத்தை நான் சொல்ற மாதிரியே சொல்லிட்ட'ன்னு அவன் ஒத்துக்கிட்டாத்தான் நான் திருத்துவேன்."

"அப்ப உங்களுதை யார் பாக்குறது டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. எல்லாத் தலைகளும் கேமரா பக்கம் திரும்பின.

டீச்சர் தான் எழுதியதை அவனிடம் நீட்டினாள். "அவனே பாக்கட்டும். அவனுதை நான் பாக்குறேன்."

கேமரா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "தீமைன்னா பக்கம் பக்கமா ஓடுது டீச்சர். நன்மை மட்டும் கிள்ளிப் போட்ட உப்பு."

"இருக்கிறதைத்தானேடா எழுத முடியும்?"

"அந்த வீடியோவால ஒரு நல்லதுகூட நடக்கலையா?"

சுருக்கென்றது. நடந்திருந்தது. கல்யாணமாகிப் போனபின் இருக்குமிடமே தெரியாமல்போன தோழி, அதைப் பார்த்துத்தான் போன் செய்தாள். "ஏண்டி, அந்த வாயை எங்க பார்த்தாலும் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துச் சிரித்து அழுதாள். கோபத்தில் டீச்சர் அதை யாரிடமும் சொல்லவேயில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத்தாள் எடுத்தாள்.

இப்போது அவன் முறை. அவளும் விடவில்லை.

"'ஒரு டீச்சர் தூங்கினார்'னு எழுதியிருக்க. ஏன் தூங்கினார்னு கேட்டியா?"

"ஏன் தூங்கினீங்க டீச்சர்?"

ஊரே சிரித்தபோதும் ஒருவர் வாயிலிருந்தும் வராத கேள்வி அது. கால் முறிந்த கணவருக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே விடிந்ததைச் சொன்னாள். கேமரா பேனாவை எடுத்தான்.

தலைமையாசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். டீச்சருடையது, கேமராவுடையது இரண்டையும் முதல் பெஞ்சுக்காரி பேர் சொல்லாமல் படித்தாள். ஒன்றில், ஒருத்தியைத் தலைகுனிய வைத்த வீடியோவே அவள் தொலைத்த தோழியையும் தேடித் தந்தது. மற்றதில் இப்படி இருந்தது: 'ஒரு நொடிப் படத்தில், விழித்திருந்த ராத்திரி தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவன் கையில் அதே போன், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆளும் அனுப்பும்.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டாவதுதான் டீச்சரோடது. பட்டவங்களுக்குத்தான் இப்படி எழுத வரும்."

"அது கேமரா எழுதினது சார்!" வகுப்பு பெஞ்சைத் தட்டிய தட்டில் ஜன்னல் அதிர்ந்தது.

"அப்ப தோழி கிடைச்ச கதை?"

டீச்சர் நிமிர்ந்து நின்றாள். "கொட்டாவி டீச்சர் எழுதினது சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வகுப்பு உங்களுதுதான், தாயே."

கேமரா கையைத் தூக்கினான். "டீச்சர், ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கேட்டுட்டுத்தான் எடுக்கிறேன்."

"எடுடா. இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்."

நிற்கத்தான் நினைத்தாள். சிரிப்பு விட்டால்தானே!