கடலுக்குள்ளிருந்து ஏறிவரும் கழனி

பூந்தமல்லியிலிருந்து மாலைப் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவருக்கு நரைத்த கிருதா, தொழிற்சாலைச் சீருடை. கைபேசியில் போர்ட் பிளேரில் கடல்நீர் வற்றி உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்ப்பாராம். ஏன் என்று கேட்டேன்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமானில் தரை இறங்கி, அவருடைய கழனிக்குள் கடல் புகுந்துவிட்டது. பிழைக்க இங்கே வந்துவிட்டார். இத்தனை வருடமாகத் தெரியாத வரப்பு ஒன்று, அங்கேயே இருக்கும் தம்பி இன்று நீர் வற்றிய நேரத்தில் எடுத்து அனுப்பிய படத்தில் தலைகாட்டியிருந்தது.

“நெலம் ஏறிக்கினு கீதா சார்?”

படித்ததைச் சொன்னேன். அந்த நிலநடுக்கத்தில் நழுவிய பூமித்தட்டுகள் இன்னும் அடங்கவில்லை. அந்தப் பக்கம் தரை மெல்ல உயர்ந்துதான் வருகிறது.

“அண்ணாத்தே, என் கழனி வெளிய வருது!” என்று நடத்துநரிடம் கத்தினார்.

“வரட்டும் நைனா, திருமழிசை வந்துடுச்சு. மொதல்ல நீ எறங்கு.”

எனக்கு மனம் கேட்கவில்லை. “ரொம்ப மெதுவாத்தாங்க ஏறும். உங்க காலத்துல முழுசா வருமான்னு தெரியாது” என்றேன்.

படியில் நின்றவர் திரும்பிச் சிரித்தார். “எனுக்கு இன்னா சார் அவசரம்? எம்பொண்ணு நாத்து நடும்.”

அவசரமில்லை என்றவர், பேருந்து நகர்வதற்குள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.