சாதியில்லாத ஜான்சி

ஜான்சிக்குச் சாதி போய் இரண்டு தலைமுறை ஆகிறது. சொன்னது லேசுப்பட்ட ஆளில்லை, தாலுக்கா ஆபீஸ். அரசு நர்ஸ் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டுப் போனவளிடம், கிறிஸ்தவத்தில் ஏதம்மா தீண்டாமை என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய அன்றே எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறதாம். தொலைந்தது சனியன் என்று ஜான்சியும் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் காலை டூட்டி தொடங்கிவிடும். இன்னொரு முறை லேட்டானால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் அன்பாகச் சொல்லிவிட்டார். அதனால் 2008 சித்திரை வெயிலில் செம்மண்டலத்தில் வீடு தேடினாள். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு மாடி போர்ஷன் அமைந்தது. அட்வான்ஸ்கூடப் பேசி முடித்தாயிற்று.

வீட்டுக்காரர் சுப்பராயலு ரிட்டயர்டு ஆபீசர், பண்பான மனிதர். சாதி கேட்பது அநாகரிகம் என்று தெரிந்தவர், ஆகவே கேட்கவே மாட்டார். உட்கார வைத்து மோர் கொடுத்தார். எந்த ஊர் என்றார். ஊரில் எந்தத் தெரு என்றார். சர்ச் தெரு என்றதும், அந்தச் சர்ச் ஊருக்குள்ளேயா, வாய்க்காலுக்கு அந்தாண்டயா என்றார். ஜான்சிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனால் இப்படித்தான் ஆகும். அந்தாண்ட என்றாள்.

உடனே அவருக்குச் சென்னையிலிருக்கும் மகன் ஞாபகம் வந்துவிட்டது. குடும்பத்தோடு இங்கேயே வரப்போகிறானாம், மாடி அவனுக்கு வேண்டுமாம். அட்வான்ஸ் பேசும்போது இல்லாத மகன், வாய்க்காலைச் சொன்னதும் வந்து குதித்துவிட்டான். ஜான்சிக்கு அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம் முட்டியது.

"நாங்க கிறிஸ்டியன் சார். எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு."

சுப்பராயலு சிரித்தார். "சாமிய மாத்திக்கிட்டா பொறப்பு மாறிடுமாம்மா?"

ஜான்சி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அத கொஞ்சம் தாலுக்கா ஆபீஸ்ல வந்து சொல்றீங்களா சார்? நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

"அது கவர்மெண்ட் விஷயம். நமக்கெதுக்கும்மா வம்பு?" என்று அவரே எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் பஸ் வடலூரில் பஞ்சராகி நின்றது. மேனேஜர் சொன்னபடியே செய்தார். ஜான்சிக்கு வாக்குக் கொடுத்தவர்களில் அதைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.