யெரோஃபெய் படுத்த பெட்டி

இல்லை, யெரோஃபெய் குடித்துவிட்டு அந்தப் பெட்டிக்குள் படுக்கவில்லை. ஊரில் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவருக்குச் சம்பந்தி, என் மகள் அகுலினாவை அவருடைய இளைய மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வயதாகிற ஆண்பிள்ளை தன் சவப்பெட்டியைத் தானே குடைந்து வைத்துக்கொள்வான். ஒரே ஓக் அடிமரம், ஆணி கிடையாது. சாகும்வரை அதில் தானியம் கொட்டி வைக்கலாம். பண்ணையார் நிலத்தில் உழுத நேரம் போக மிச்சத்தில் யெரோஃபெய் குடைந்தது அது. அவர் உடம்பு பண்ணையாருடையது. குடிசையும் பண்ணையாருடையது. பெட்டி ஒன்றுதான் அவருடையது.

ஜார் மன்னர் நாட்டைப் புதிதாக்குகிறாராம். கப்பல் கட்ட ஓக் வேண்டுமாம், அதனால் செத்தவனுக்கு ஓக் கூடாதாம். எங்களில் எவன் கடலைப் பார்த்தான்? யெரோஃபெயின் மூத்த மகன் சவ்வாவை ஏற்கெனவே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் எந்தச் சேற்றில் கிடக்கிறானோ.

போன வாரம் பண்ணைக் காரியஸ்தர் பெட்டியை எடுக்க ஆட்களோடு வந்தார். யெரோஃபெய் தானியத்தைத் தரையில் கொட்டிவிட்டு, உள்ளே ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னடா கூத்து இது?”

“செத்துட்டேன் எசமான். மூடிப் புதைச்சிருங்க.”

காரியஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தலைவரிக் கணக்குல உன் பேரு இருக்குடா. அடுத்த கணக்கெடுப்பு வர்றவரைக்கும் நீ செத்தாலும் உசுரோடதான் இருக்கே. எந்திரி, வண்டியப் பூட்டு.”

தன் பெட்டியைத் தானே ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். குடைந்த மரம் கப்பலுக்கு உதவாது என்று அங்கே அதைப் பிளந்து விறகாக்கினார்கள்.

இன்று விடியற்காலையில் அகுலினாவுக்குப் பிள்ளை பிறந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் விரலைப் பிடித்தான், விடவே மாட்டேன் என்கிறான். வாசலுக்கு ஓடி, “சம்பந்தி, பேரன்” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

யெரோஃபெய் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். பிறகு துணியை இழுத்து மூடினார்.

“மெதுவாப் பேசுங்க சம்பந்தி. வரிக்கும் பட்டாளத்துக்கும் அவங்க ஆம்பளையத்தான் எண்ணுறாங்க. யாரு கேட்டாலும் பேத்தின்னு சொல்லுங்க.”